குளோரினுக்கு எத்தனை மணிக்கு முகூர்த்தம்?

கோடை விடுமுறை தொடங்கியதும் நீச்சல் குளக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: குளோரினை எந்த நேரத்தில் போடுவது? குளத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். அதனால் இந்த வாரப் பக்கத்தை முழுக்கத் தண்ணீருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை 6 மணிக்குக் குளோரின் போடுகிறார்கள். பக்கத்துக் குடியிருப்பில் பொழுது சாய்ந்த பிறகு போடுகிறார்கள். எது சரி? – ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்

ப: பக்கத்துக் குடியிருப்பு. திறந்தவெளிக் குளம் என்றால் வெயில் சாய்ந்து, கடைசி ஆள் கரையேறிய பிறகு, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது போடுவதே நல்லது. குளோரினுக்குக் கிருமியைவிடப் பெரிய எதிரி சூரியன். வெயில்காப்புப் பொருள் எதுவும் கலக்காத தண்ணீரில் உச்சி வெயில் நேராக அடித்தால் சுமார் முக்கால் மணி நேரத்தில் குளோரினில் பாதி போய்விடும். இரண்டு மணி நேரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் காலி. காலை 6 மணிக்குப் போட்ட மருந்துக்குச் சில மணி நேர வேலைதான் கிடைக்கிறது. மாலை போட்டதற்கோ ஒரு ராத்திரி முழுக்கக் கிடைக்கிறது. அழுக்கு, பாசி, கிருமி எல்லாவற்றையும் அது சாவகாசமாக ஒரு கை பார்த்துவிடும்.

கே: குளோரின் வெயிலில் ஆவியாகிவிடுகிறது என்கிறார் எங்கள் பராமரிப்பாளர். உண்மையா? – மதுரை

ப: ஆவியாவது கொஞ்சம்தான். பெரும்பகுதி உடைந்துபோகிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் குளோரின், சாதாரண உப்பில் இருக்கிற குளோரைடாக மாறிவிடும். குளோரைடு தண்ணீரிலேயே கிடக்கும். ஆனால் ஒரு கிருமியையும் தொடாது. இதில் முதல் குற்றவாளி சூடு அல்ல, வெளிச்சம். தண்ணீர் ஜில்லென்று இருக்கிற ஊட்டியிலும் வெயில் பளிச்சென்று அடித்தால் கதை இதுதான்.

கே: தினமும் காலை 7 மணிக்கு அளந்து பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஒரு நாள்கூட 2 பிபிஎம்முக்குக் கீழே போனதில்லை. ஆனாலும் என் மகளுக்கு இந்த மாதத்தில் இரண்டாவது முறையாகக் காதுவலி. எப்படி? – ஒரு தாய், கோவை

ப: உங்கள் மகள் எத்தனை மணிக்கு நீந்துகிறாள் அம்மா? சாயங்காலம் என்றால் அந்தப் பதிவேட்டுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. அதில் எழுதியிருப்பது உண்மைதான். குளத்தில் யாரும் இல்லாத நேரத்து உண்மை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 9 மணிக்கு 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின். வெயில் ஏறுகிறது. முக்கால் மணிக்கு ஒரு முறை பாதியாகிறது என்று வைத்தால் 9.45-க்கு 1. 10.30-க்கு அரை. 11.15-க்குக் கால். காலை வெயில் அவ்வளவு கடுமை இல்லை, குளத்தில் ஒரு பக்கம் கட்டட நிழல் விழுகிறது என்று எவ்வளவு சலுகை கொடுத்தாலும், மாலை 4 மணிக்குப் பேருக்குத்தான் ஏதாவது மிஞ்சியிருக்கும். பிள்ளைகள் பையை எறிந்துவிட்டுக் கும்பலாக வந்து குதிப்பது 5 மணிக்கு. குளத்தில் ஆள் மிக அதிகமாக இருக்கும் நேரமும் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நேரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. நீச்சலடிப்பவர்களுக்கு வரும் காதுவலிக்குப் பெரும்பாலும் காரணம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. குளோரின் குறைந்த வெதுவெதுப்பான தண்ணீர் அதற்கு மிகவும் பிடிக்கும். (முதலில் காது மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை குளம் வேண்டாம்.)

குடியிருப்புச் சங்கத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: மாலை 4 மணிக்கும் ஒரு அளவு எடுக்க வேண்டும்; எடுத்ததைக் குளத்து வாசலில் எழுதிப் போட வேண்டும். தனித்த குளோரின், அதாவது அழுக்கோடு சேராமல் வேலைக்குத் தயாராக இருக்கும் குளோரின், 1 பிபிஎம்முக்குக் குறையவே கூடாது. ஸ்டெபிலைசர் என்ற வெயில்காப்புப் பொருள் கலந்த குளமாக இருந்தால் 2. குறைந்திருந்தால் பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்திவைத்து, கொஞ்சம் ஹைப்போ (திரவக் குளோரின் மருந்து) ஊற்றி, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்துவிட்டு இறக்க வேண்டும். வெயில் நேரத்தில் ஊற்றினால் பாதி வீணாகும் என்று சொல்வார்கள். ஆகட்டும். மிச்சம் பிடிக்கிற இடம் இது அல்ல. மாலை மருந்து அடுத்த நாளுக்கான அடித்தளம் மட்டும்தான். பிள்ளை தண்ணீரில் இருக்கும் நிமிடத்தில் குளோரின் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கே: ஸ்டெபிலைசர் போட்டுவிட்டால் வெயில் கவலையே இல்லை, எந்த நேரத்திலும் குளோரின் போடலாம் என்கிறார் கடைக்காரர். – பண்ணை வீட்டுக்காரர், பொள்ளாச்சி

ப: பாதி சரி. ஸ்டெபிலைசர் என்று விற்பது சயனூரிக் அமிலம். அது குளோரினைப் பிடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். பிடியில் இருக்கும்வரை வெயில் அதை எளிதில் உடைக்க முடியாது. 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் பெரிய உபகாரம்: முக்கால் மணியில் பாதியான குளோரின் பல மணி நேரம் தாங்கும்.

மறுபாதியைக் கடைக்காரர் சொல்லவில்லை. சயனூரிக் ஏற ஏறப் பிடி இறுகும். டெஸ்ட் கிட்டில் குளோரின் தெரியும். ஆனால் அது கிருமியைக் கொல்லும் வேகம் படுத்துவிடும். நம் ஊர்க் குளங்களில் மிதக்கவிடுகிற வெள்ளை மாத்திரை பெரும்பாலும் டிசிசிஏ 90. அதற்குள்ளேயே சயனூரிக் இருக்கிறது. மாத்திரை 10 பிபிஎம் குளோரின் கொடுக்கும்போது கூடவே 6 பிபிஎம் சயனூரிக்கையும் விட்டுச் செல்கிறது. தினம் 2 பிபிஎம் வீதம் மாத்திரையாலேயே ஓட்டினால் மூன்று மாதத்தில் சயனூரிக் 100-ஐத் தாண்டிவிடும். குளோரின் செலவாகும், இது செலவாகாது. பேக்வாஷில் (ஃபில்டரைப் பின்னோட்டத்தில் கழுவும்போது) போவது, பிள்ளைகள் தெறிக்கவிடுவது தவிர அப்படியே தங்கும். குறைப்பதற்கு நடைமுறையில் ஒரே வழி, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவது.

1 லட்சம் லிட்டர் குளத்தில் பாதியைக் கொட்டினால் 50,000 லிட்டர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னையில் குடத்தோடு ஜனங்கள் லாரிக்குக் காத்து நின்றதை நினைத்துப் பாருங்கள். மாத்திரையை அளவில்லாமல் போட்டதற்காக அவ்வளவு தண்ணீரைச் சாக்கடையில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே ஸ்டெபிலைசரை 30 பிபிஎம்முக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அன்றாடத்துக்கு ஹைப்போ. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் மாத்திரை. நேரம்? ஸ்டெபிலைசர் இருந்தாலும் மாலைதான்.

கே: கூரைக்கு உள்ளே இருக்கும் குளத்துக்கும் மாலைதானா? – சென்னை

ப: அங்கே சூரியன் இல்லை; ஆட்களை மட்டும் பார்த்தால் போதும். எல்லாரும் போன பிறகு எந்த நேரமும் நல்ல நேரம். ஸ்டெபிலைசர் அங்கே தேவையே இல்லை.

கே: குளத்தருகே போனாலே குப்பென்று குளோரின் வாடை. அளவுக்கு மேல் போட்டுவிட்டார்களா? – திருச்சி

ப: அநேகமாகப் போதாமல் போட்டிருக்கிறார்கள். சரியாகப் பராமரிக்கும் குளத்தில் வாடை மிகக் குறைவு. மூக்கைத் துளைப்பது குளோரமைன்: குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்தால் உண்டாவது. கண் சிவப்பது, தொண்டை கரகரப்பது, இருமல் எல்லாம் பெரும்பாலும் இதன் கைவரிசை. ஒரு நாள் மாலை குளத்தை மூடிவிட்டு, இப்படிச் சேர்ந்துபோன குளோரினைப்போல் 10 மடங்கு புதுக் குளோரின் கொடுத்து அதை உடைக்க வேண்டும். மொத்தக் குளோரினிலிருந்து தனித்த குளோரினைக் கழித்தால் சேர்ந்துபோனது எவ்வளவு என்று வந்துவிடும். குளத்தின்மேல் விரிப்பு இருந்தால் அன்றிரவு எடுத்துவிடுங்கள். வாயு வெளியேற வழி வேண்டும். மறுநாள் அளந்து, 3 பிபிஎம் அளவுக்கு இறங்கிய பிறகே ஆட்கள்.

மஞ்சள் நிறம் காட்டும் பழைய டெஸ்ட் கிட் மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட்டை வாங்குங்கள். அதிலும் ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பே வெளுத்துப்போய், குளோரின் இல்லாததுபோல் தெரியும். மருந்தை ஊற்றிய கையோடு அளந்தவர்கள் இதை நம்பி மறுபடியும் ஊற்றிவிடுவார்கள்.

கே: சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடித்துக் குளத்தில் இறங்கலாமா? – கும்பகோணம்

ப: சீயக்காய் போட்டு, பிசுக்குப் போக அலசிய பிறகு இறங்கலாம். எண்ணெய் குளோரினைத் தின்னும், ஃபில்டர் மணலை அடைக்கும். எண்ணெய் வைக்காதவர்களும் இறங்குமுன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றுவிட்டு வந்தால் குளோரமைன் கணிசமாகக் குறையும்.

கே: குளத்துக்குள் ஒன்றுக்குப் போனால் தண்ணீரை நீலமாக்கிக் காட்டிக்கொடுக்கும் மருந்து இருக்கிறதாமே? – வேலூர்

ப: இல்லை. பிள்ளைகளை அடக்கப் பெரியவர்கள் கட்டிய கதை. மணிக்கு ஒரு முறை எல்லாரையும் கரையேற்றிக் கழிப்பறைக்கு அனுப்புங்கள். அது உண்மையான மருந்து.

கே: ராத்திரி 8 மணிக்கு அளந்தால் 4 பிபிஎம். விடியற்காலை 1.5. ராத்திரியில் சூரியன் ஏது? – சேலம்

ப: இந்த வாரக் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. சூரியன் மேல் பழி போட முடியாத நேரத்தில் குளோரின் குறைந்தால், தின்பது தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது.

இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். பொழுது சாய்ந்த பிறகு மருந்து போட்டு, மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு அளவெடுங்கள். மறுநாள் வெயில் குளத்தில் விழுமுன் இன்னொரு அளவு. வித்தியாசம் 1 பிபிஎம்முக்குள் இருந்தால் தண்ணீர் சுத்தம். உங்களுக்கு 2.5 போயிருக்கிறது. பச்சை நிறம் கண்ணுக்குத் தெரியுமுன்பே பாசி வேலையைத் தொடங்கிவிடும். குளத்தில் இறங்கி, ஏணியின் பின்பக்கத்தையும், தண்ணீருக்குள் இருக்கும் விளக்கின் சட்டத்தையும், ஓடுகளுக்கு நடுவே இருக்கும் கோடுகளையும் விரலால் தடவிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் சொரசொரவென்று இருந்து அங்கே மட்டும் வழவழத்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. பிரஷ் போட்டுத் தேயுங்கள், பேக்வாஷ் செய்யுங்கள், ராத்திரி இழப்பு 1-க்குள் வரும்வரை மாலை மருந்தை விடாமல் தொடருங்கள். காலையில் மட்டும் மருந்து போடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை கிடைக்கவே கிடைக்காது. வெயில் தின்றதா, பாசி தின்றதா என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

கே: எவ்வளவு போடுவது என்று ஒருவரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. – ஈரோடு

ப: முதலில் குளத்தின் கொள்ளளவு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர். 1 லட்சம் லிட்டர் குளத்தில் குளோரினை 1 பிபிஎம் உயர்த்த 100 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீத ஹைப்போ என்றால் 1 லிட்டர். 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணை என்றால் ஏறக்குறைய 155 கிராம். 33 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 300 கிராம். இது மருந்து புதிதாக இருந்தால். மொட்டைமாடியில் வெயில் பட வைத்த ஹைப்போ கேனில் வாங்கியபோது இருந்த வீரியம் இருக்காது. சூடும் வெளிச்சமும் அதைக் கேனுக்குள்ளேயே தின்றுவிடும். கொஞ்சமாக வாங்குங்கள், நிழலில் வையுங்கள்.

கே: பி.எச். எவ்வளவு இருந்தால் என்ன? குளோரின்தானே முக்கியம்? – திருநெல்வேலி

ப: பி.எச். (அமில-காரத் தன்மை) தவறினால் குளோரின் இருந்தும் பலனில்லை. தண்ணீரில் குளோரினுக்கு இரண்டு வடிவம். கிருமியை வேகமாகக் கொல்வது ஒன்று, மந்தமானது இன்னொன்று. பி.எச். 7.5-இல் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 8-க்கு ஏறினால் வேகமான வடிவம் கால் பங்காகச் சுருங்கிவிடும். அந்த மந்த வடிவத்தைத்தான் வெயிலும் சுலபமாக உடைக்கிறது. ஆகவே 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் வைத்திருங்கள். ஹைப்போ பி.எச்.-ஐ ஏற்றும், டிசிசிஏ மாத்திரை இறக்கும். ஆசிட் ஊற்ற வேண்டியிருந்தால் முதலில் அது, மோட்டார் ஓடட்டும், அரை மணி நேரமாவது கழித்துக் குளோரின், அதுவும் வேறு வாளியில். இரண்டும் நேருக்கு நேர் சந்தித்தால் விஷ வாயு கிளம்பும்.

கே: போர் தண்ணீர் நிரப்பினோம், கண்ணாடி மாதிரி இருந்தது. குளோரின் போட்டதும் டீத்தண்ணீர் ஆகிவிட்டது! – தாம்பரம்

ப: குளோரின் ஒன்றும் கெடுக்கவில்லை, ஒளிந்திருந்ததை வெளியே கொண்டுவந்திருக்கிறது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. குளோரின் பட்டதும் துருவாகி நிறம் காட்டும். ஃபில்டரை விடாமல் ஓட்டி, அடிக்கடி பேக்வாஷ் செய்தால் தெளியும். தெளியும்வரை யாரும் இறங்க வேண்டாம், தரை தெரியாத குளத்தில் முங்கியவரைக் கண்டுபிடிக்க முடியாது.

கே: உப்புத் தண்ணீர்க் குளத்துக்குக் குளோரினே வேண்டாமாமே? – புதுச்சேரி

ப: அங்கேயும் குளோரின்தான். உப்பிலிருந்து மின்சாரத்தால் கருவியே தயாரித்துக்கொள்கிறது. மாலை 4 மணி அளவு அதற்கும் உண்டு.

கே: குழந்தை குளத்துக்குள்ளேயே ஆய் போய்விட்டான். மாலைவரை காத்திருந்து குளோரின் போடலாமா? – ஓசூர்

ப: ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். எல்லாரையும் கரையேற்றுங்கள். கெட்டியாக இருந்தால் வலையால் அள்ளிவிட்டு, பி.எச். 7.5-க்குள், குளோரின் 2 பிபிஎம்மில் வைத்து அரை மணி நேரம் யாரையும் இறக்காதீர்கள். வயிற்றுப்போக்காக இருந்தால் நிலைமை வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சாதாரண அளவுக் குளோரினில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஈ.கோலை ஒரு நிமிடம்கூடத் தாங்காத அதே தண்ணீரில்! ஸ்டெபிலைசர் இல்லாத குளத்தில் 20 பிபிஎம் குளோரினை ஏறக்குறைய 13 மணி நேரம் நிறுத்திவைத்தால்தான் அது அடங்கும். ஸ்டெபிலைசர் இருந்தால் இன்னும் கூடுதல். அன்றைக்கும் மறுநாளைக்கும் குளத்துக்குப் பூட்டு. வயிறு சரியில்லாத குழந்தையைக் குளத்துக்கு அழைத்து வராமல் இருப்பது அந்த 20 பிபிஎம்மைவிட நல்ல மருந்து.

கே: கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வந்ததிலிருந்து பேரனைக் குளத்துக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. – ஒரு பாட்டி, நாகர்கோவில்

ப: உங்கள் பயத்தைப் புரிந்துகொள்கிறேன் அம்மா. 2024-இல் அங்கே குழந்தைகள் இறந்தார்கள். கோழிக்கோட்டுப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் சீக்கிரமே நோய் கண்டறியப்பட்டுப் பிழைத்துக்கொண்டான். இந்த அமீபா வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் வாழும். மூக்கு வழியாக ஏறித்தான் மூளைக்குப் போகும். குடிப்பதால் வராது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. குளோரினை ஒழுங்காகப் பராமரிக்கும் நீச்சல் குளத்தில் அது பிழைக்காது. பாசி படர்ந்து தேங்கிக் கிடக்கும் குட்டையிலும், மருந்து போடாமல் விட்ட குளத்திலும்தான் ஆபத்து. பேரனை அனுப்புங்கள், அனுப்புமுன் அன்றைய குளோரின் அளவு என்ன என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர்களின் குளத்துக்கு அனுப்பாதீர்கள். குட்டையில் குதித்து விளையாடிய சில நாட்களில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி வந்தால் தண்ணீரில் இறங்கியதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கே: நீச்சல் குளமெல்லாம் எங்களுக்கு எட்டாது. ஊர்க் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதற்கும் நேரம் காலம் உண்டா? – ஊராட்சி வார்டு உறுப்பினர், புதுக்கோட்டை மாவட்டம்

ப: உண்டு, அதுவும் ராத்திரிதான். ஆனால் காரணம் வேறு. கிணற்றுக்குள் வெயில் அவ்வளவாக இறங்காது. ஆட்கள் தண்ணீர் இறைப்பது ஓய்ந்த பிறகு போட்டால் மருந்துக்குத் தண்ணீரோடு தங்க நேரம் கிடைக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் தேவை. ராத்திரி போட்டால் விடியும்வரை கிடைக்கிறது.

அளவு இப்படி: கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் 0.785-ஆலும் பெருக்கி, 1,000-ஆல் பெருக்குங்கள். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 12,500 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் ஏறக்குறைய 31 கிராம் போதும். கை நிறைய அள்ளி வீசுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்.

போடும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது. பவுடரை வாளியில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழையுங்கள். பிறகு முக்கால் வாளிவரை தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டு 5, 10 நிமிடம் அப்படியே விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்திருப்பதை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். அடியில் இருப்பதைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீரின் கடினத்தன்மைதான் கூடும். தெளிவு இருக்கிற வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் பலமாக ஆட்டுங்கள். அப்போதுதான் அடிவரை கலக்கும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் 0.5 பிபிஎம்மாவது மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சவில்லை என்றால் தண்ணீரில் அழுக்கு அதிகம்; இன்னும் கொஞ்சம் போட வேண்டும். பவுடர் மூட்டையின் வாயைக் கட்டி, ஈரம் படாமல் வையுங்கள். திறந்து கிடந்த மூட்டையில் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும்.

கே: மழை பெய்தால்? – கடலூர்

ப: மழை நின்றதும் அளந்துவிட்டுப் போடுங்கள், மணி பார்க்க வேண்டாம். ஐப்பசி மழை தண்ணீரை நீர்க்கச் செய்யும். கூடவே இலையும் தூசியும் பாசிக்கான உரமும் வந்து விழும். இடி மின்னல் இருக்கும்போது குளத்தருகே யாரும் நிற்க வேண்டாம்.

கே: குளத்துக்கு மருந்து போடுகிறவனே நான்தான் ஐயா. ராத்திரி 9 மணிக்குத் தனியாகப் போடுகிறேன். பம்ப் ரூம் படியிறங்கிக் கீழே இருக்கிறது. ஆசிட் கேனும் ஹைப்போ டிரம்மும் அங்கேதான். சில நாள் மூச்சை அடைக்கிறது. முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறேன். போதுமா? – கேளம்பாக்கம்

ப: போதவே போதாது. துண்டு தூசியைத் தடுக்கும். குளோரின் வாயுவைத் தடுக்காது. அந்த வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. கீழ்த்தளத்து அறையில் இறங்கித் தேங்கி நிற்கும். நீங்கள் நிற்கிற இடத்திலேயே அது சேருகிறது.

மாலை போடுவது நல்லது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதற்காக இருட்டில் தனியாகப் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. குளத்தை 6 மணிக்கு மூடச் சொல்லுங்கள், 6.30-க்கு வெயில் இருக்காது, வெளிச்சம் இருக்கும், காவலாளியோ வேறு யாரோ கூப்பிடு தூரத்தில் இருப்பார். அதுதான் உங்களுக்கும் குளத்துக்கும் சேர்ந்தாற்போல் நல்ல நேரம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று ஊற்றுங்கள். குருணையை வாளித் தண்ணீரில் போடுங்கள். குருணைமேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். குருணைக்கு ஒரு குவளை, டிசிசிஏ மாத்திரைக்கு ஒரு குவளை. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மூச்சு அடைத்தால் டிரம்மை மூடிவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். உடனே மேலே ஏறி வெளிக்காற்றுக்கு வாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனை.

மற்றது உங்கள் சங்கச் செயலாளருக்கு. ஐயா, உங்கள் பிள்ளைகளின் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பவர் மூச்சுத் திணறிக்கொண்டு வேலை செய்கிறார். ரப்பர் கையுறை, கண்ணாடி, வாயுவை வடிகட்டும் முகமூடி, பம்ப் ரூமுக்கு ஒரு எக்சாஸ்ட் ஃபேன் நான்கையும் வாங்குங்கள். ஆசிட் ஒரு அறையிலும் ஹைப்போ இன்னொரு அறையிலும் இருக்க வேண்டும். இரண்டும் தரைமட்டத்துக்கு மேலே, காற்றோட்டமான நிழலில். டிரம்மை மேலே ஏற்ற இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு ஆட்களை வரச் சொல்லுங்கள்.